எந்த வண்டிக்கு வழி விட்டார்?

அத்தியாயம் 5

"தற்கொலைன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, ஃபைலைக் கட்டி உள்ள வச்சாச்சு பாஸ். நாம மட்டும்தான் இன்னும் இந்தக் குளிர்ல நின்னு பாறையை எண்ணிட்டு இருக்கோம்" என்றாள் கார்லா பெட்ருச்சி.

வெண்டல் கோசிக் பாறையை எண்ணவில்லை, தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருடம் ரயில்வே போலீஸில் இருந்துவிட்டு, இப்போது முடிதிருத்தும் கடைக்கு மேல் ஒரு அறை பிடித்துத் துப்பறியும் தொழில் நடத்துகிறார். மே மாதம் அவர் மனைவி ஐரீன் போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து அவருக்கு எதுவும் உறைப்பதில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் அவருக்கு ஊர், உலகம், சாப்பாடு எல்லாம் இருந்தது. வேலை மட்டும் நடந்தது. கால் பழகிய வழியில் போகிறமாதிரி மூளையும் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கார்லாவுக்கு முப்பத்தொன்று. இந்த லைனை நடத்துகிற ஹெம்லாக் வேலி ரயில்வேயில் கன்ட்ரோல் அறையில் இருந்தவள். மேலதிகாரியை வாக்கி டாக்கியில் திட்டி, அதை நாற்பது மைல் தூரத்துக்கு எல்லா டிரைவர்களும் கேட்டு ரசித்ததால் வேலை போனவள். அவளுக்கு வாய் மூடினால் மூச்சு முட்டும்.

"இன்னொரு தடவை படி" என்றார் வெண்டல்.

கார்லா கையுறையைப் பல்லால் கடித்து உருவிவிட்டுக் காகிதத்தைப் பிரித்தாள். என்ஜின் டிரைவர் ஓவன் பார்டல் கொடுத்த வாக்குமூலம்.

"'டிசம்பர் எட்டு, செவ்வாய், மதியம் ரெண்டு இருபது. 4007 நம்பர் என்ஜின்ல, நாப்பது மணல் வேகனோட மெயின் லைன்ல இறக்கத்துல வந்தேன். வளைவுக்கு முன்னாடி கேட்டுக்கு ஹாரன் அடிச்சேன். வளைவு திரும்பினதும், பக்கத்துக் குவாரி லைன்ல ஒருத்தர் எனக்கு முதுகு காட்டி நிமிர்ந்து நின்னார். திரும்பிப் பாக்கல. ரெண்டு விரலை மேல தூக்கிக் காட்டினார். அப்புறம் நிதானமா நடந்து வந்து என் லைன் நடுவுல நின்னார். பிரேக் போட்டேன், ஹாரனை விடாம அடிச்சேன். நகரல. தெர்மாஸ் மூடியைத் திறந்துட்டு இருந்தார்.'" கார்லா காகிதத்தை மடித்தாள். "அவ்வளவுதான். ரெண்டு விரல்னா டாட்டா. ஷெரீஃப் ஆபீஸ்ல அப்படித்தான் சொல்றாங்க."

செத்துப்போனவர் க்ளெம் யூரிக், நாற்பத்தொன்பது வயது. தண்டவாளத்தைப் பார்த்துப் பழுது நீக்குகிறவர். பென்சில்வேனியாவின் இந்தப் பள்ளத்தாக்கில் மான் வேட்டை சீசன் தொடங்கினால் பள்ளிக்கூடத்துக்கே லீவு விட்டுவிடுவார்கள். க்ளெமும் வழக்கம்போல் ஒரு வாரம் மலைமேல் கேபினில் இருந்துவிட்டு, திங்களன்று வேலைக்குத் திரும்பினார். செவ்வாய் மதியம் செத்துப்போனார்.

செவ்வாய் காலை வீட்டில் ஒரு சண்டை. பதினேழு வயது மகள் பிரென்னா, பள்ளிக்கூடத்தில் தான் தனியாகப் பாடிய கச்சேரிக்கு அப்பா வரவில்லை என்று கத்தினாள். "வேட்டைக்குப் போன இடத்துலயே செத்துத் தொலைஞ்சிருக்கலாமே, எதுக்கு வந்தே?" என்று கேட்டாள். க்ளெம் ஒன்றும் சொல்லாமல் தெர்மாஸை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தற்கொலை என்று செய்தி வந்ததிலிருந்து பிரென்னா மாடி அறையைப் பூட்டிக்கொண்டவள்தான், பேச்சும் இல்லை, அழுகையும் இல்லை, சாப்பாடும் பேருக்குத்தான். அவள் அம்மா தெரசா வெண்டலிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "என் புருஷன் சாகணும்னு போய் நின்னாரா, இல்லையா? ஆமான்னாலும் சொல்லிடுங்க. தெரியாம அந்தப் பொண்ணை என்னால எழுப்ப முடியாது."

இன்றோடு ஒன்பது நாள்.

வெண்டல் போலீஸ் எடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடத்தோடு ஒப்பிட்டார். மலைச்சரிவைச் செதுக்கிப் போட்ட ஒடுக்கமான பாதை. இடப்பக்கம் செங்குத்துப் பாறை. அதை ஒட்டிக் குவாரி லைன். அதற்கு அடுத்து மெயின் லைன். அதற்கப்பால் சரிவு, கீழே ஓடை இரைந்துகொண்டிருந்தது.

"கார்லா, படத்துல பாறையோரம் என்ன சாத்தியிருக்கு?"

"கடப்பாரை. பெரிய ஸ்பானர். கையுறை ஜோடியா மடிச்சு வச்சிருக்கு. நல்ல ஒழுங்கான ஆளு. எங்க வீட்டுக்காரன் செத்தா சாக்ஸை ஹால்லதான் போட்டுட்டு சாவான்."

"அவர் வேலை செஞ்சது எந்த லைன்ல?"

"குவாரி லைன்ல."

"மெயின் லைன்ல வண்டி வருது. அதுல விழுந்து சாகணும்னு முடிவு பண்ணிட்டார். சரி. அப்போ குவாரி லைன் மேல கிடந்த கடப்பாரையை எதுக்கு எடுத்து ஓரமா வைக்கணும்?"

கார்லா படத்தை அவர் கையிலிருந்து வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"சாகப்போறவன் பக்கத்து லைனை எதுக்குச் சுத்தம் பண்ணணும்?" என்றார் வெண்டல், மளிகைச் சாமான் பட்டியல் படிக்கிற குரலில். "இங்க ஒதுங்க இடமே கிடையாது. ஒரு பக்கம் பாறை, அந்தப் பக்கம் சரிவு. குவாரி லைன்ல வண்டி வந்தா மெயின் லைன்ல போய் நிப்பாங்க. மெயின்ல வந்தா குவாரி லைன்ல நிப்பாங்க. ரூல் புக்ல கூடாதுன்னுதான் இருக்கு. ஆனா எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க, எனக்குத் தெரியும். க்ளெம் சாகறதுக்காக நடந்து போகல. வழி விட்டிருக்கார்."

"எந்த வண்டிக்கு? அன்னிக்குக் குவாரி லைன்ல வண்டியே வரலையே பாஸ்."

"அதைத்தான் நானும் கேக்கறேன். குவாரிக்கு எந்த என்ஜின் போகும்?"

"431. அது ஒண்ணுதான். அந்த வளைவுல நீள என்ஜின் எதுவும் திரும்பாது. என் அம்மா கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து அதே வண்டிதான் போயிட்டு இருக்கு."

"வா, அதைப் போய்ப் பார்ப்போம்."

லோகோ ஷெட்டில் அதைக் கண்டுபிடிக்க நேரமே பிடிக்கவில்லை. ஷெட்டுக்குப் பின்னால், பனியில் முட்டளவு புதைந்து, எட்டுப் பழைய என்ஜின்கள் வரிசையாக நின்றன. அறுபதுகளில் ஷெனெக்டடி ஆலையில் செய்தவை. ஒவ்வொன்றும் கறுப்புப் புகையைக் கக்கி, பள்ளத்தாக்குத் துணிகளை எல்லாம் நாற்பது வருடம் அழுக்காக்கியவை. கண்ணாடி இல்லை, கதவு இல்லை. மூன்றாவதாக நின்றதில் 431 என்று எழுதியிருந்தது. பக்கவாட்டுக் கதவுகள் திறந்து கிடக்க, உள்ளே என்ஜினே இல்லை.

"இது போய் ரெண்டு வாரம் ஆச்சு" என்றது ஒரு குரல். எமில் சோபோட்டா. அறுபத்திரண்டு வயது. இருபத்திரண்டு வருடம் 431-ஐ ஓட்டியவர். இப்போது ஷெட்டுக்குள்ளேயே என்ஜின்களை இங்கும் அங்கும் நகர்த்துகிற வேலை. "வேட்டை வாரத்துல புதன்கிழமை ஓரங்கட்டிட்டாங்க. குவாரிக் கல்லெல்லாம் இனிமே லாரிலதான் போகும்."

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார் வெண்டல்.

"நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தது."

"அப்போ யாருக்கும் தெரியாது" என்றாள் கார்லா.

எமில் சிரிக்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

கார்லா பூட்ஸால் பனியை உதைத்தாள். "முடிஞ்சுது பாஸ். வழி விட்டாருன்னீங்க. யாருக்கு? இந்தக் காயலான் கடைச் சரக்குக்கா? இல்லாத வண்டிக்கு மனுஷன் எப்படி வழி விடுவார்?"

"வேட்டைக்குப் போனவருக்கு அது இல்லாதது தெரியாது."

"தெரியாட்டியும் எதையாவது கேட்டிருக்கணுமே, பாத்திருக்கணுமே."

"பாக்கல. திரும்பவே இல்லன்னு டிரைவர் சொல்றான். அப்போ கேட்டிருக்கார்." வெண்டல் 431-ன் கூரையை அண்ணாந்து பார்த்தார். "உனக்கு முட்டி நல்லா இருக்கா?"

"எனக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கு. சம்பளத்தைத் தவிர" என்று சொல்லிக்கொண்டே கார்லா ஏணியில் ஏறினாள். கூரைமேல் தவழ்ந்து, பனியைக் கையால் தள்ளினாள். "பாஸ்! இங்க நாலு ஓட்டை இருக்கு. கூரை முழுக்கத் துரு, இந்த இடத்துல மட்டும் பெயிண்ட் புதுசா இருக்கு. ரொம்ப நாளா ஏதோ மூடிட்டு இருந்திருக்கு."

"ஹாரன் இருந்த இடம்" என்றார் வெண்டல்.

இருவரும் ஷெட்டின் முன்பக்கம் வந்தார்கள். அங்கே புதியவை நின்றன. புதியவை என்பது ஒரு பேச்சுக்குத்தான். மேற்கே ஒரு பெரிய கம்பெனி பதினைந்து வருடம் ஓட்டிக் களைத்துத் தள்ளியவை. பழைய முதலாளியின் பெயர்மேல் சதுரமாகச் சாம்பல் பெயிண்டை அப்பி, நம்பரை மட்டும் எழுதியிருந்தார்கள். இரண்டு பழைய வண்டி இழுப்பதை ஒன்றே இழுத்துவிடும். குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துவிடக்கூடாது என்று அணைக்காமல் விட்டிருந்ததால் எல்லாம் மெதுவாக உறுமிக்கொண்டிருந்தன.

"ஜெயில்லேர்ந்து வந்தவன் பச்சை குத்தினதை மறைச்ச மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்தபடி கார்லா 4007-ன் மேல் ஏறினாள். இறங்கும்போது அவள் முகத்தில் கிண்டல் குறைந்திருந்தது. "ஹாரனைப் பிடிக்க நாலு போல்ட் இருக்கணும். மூணுதான் இருக்கு. மேல சாம்பல் பெயிண்ட் அடிச்சிருக்காங்க. பெயிண்ட் காஞ்சப்புறம் யாரோ ஸ்பானர் போட்டுத் திருகியிருக்காங்க. மூணுலயும் கீறல். ஆனா கழட்டல."

படிக்கட்டில் ஒரு இளைஞன் உட்கார்ந்து காபிக் கோப்பையை வெறித்துக்கொண்டிருந்தான். ஓவன் பார்டல். நெப்ராஸ்காக்காரன். என்ஜின்களோடு சேர்ந்து அக்டோபரில்தான் இந்த ஊருக்கு வந்தவன்.

"ஓவன், ஹாரனைக் கொஞ்சம் அடிச்சுக் காட்ட முடியுமா?" என்றார் வெண்டல்.

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "அன்னிக்கப்புறம் நான் இந்த வண்டியைத் தொடல சார்."

"தெரியும். ஒரே ஒரு தடவை."

ஓவன் உள்ளே ஏறினான். பிறகு அடித்தான்.

ஐந்து சுரம் சேர்ந்த சத்தம். அதில் ஒன்று கொஞ்சம் பிசிறடித்தது. ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது. கார்லா அசையாமல் நின்றாள்.

"431" என்றாள். "பாஸ், இது 431. இந்தப் பிசிறு கேட்டாத்தான் எங்கம்மா பாஸ்தாவுக்குத் தண்ணி வைப்பா. எங்க தெருவுல எல்லா வீட்லயும் அப்படித்தான். எந்தத் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்."

"ஓவனுக்குத் தெரியாது. அவன் இந்த ஊர்க்காரன் இல்லை. க்ளெமுக்குத் தெரியும்" என்றார் வெண்டல். "431 குவாரி லைன்லதான் வரும். மெயின் லைன்ல அது கால் வச்சதே கிடையாது. அதனால கடப்பாரையை எடுத்து ஓரமா சாத்திட்டு, மெயின் லைன்தான் பத்திரம்னு அங்க போய் நின்னு காபி ஊத்தியிருக்கார்."

"என்ஜின் சத்தம் வேறயா கேட்டிருக்காதா?"

பதிலை ஓவன்தான் சொன்னான். ஜன்னலில் தலை தெரிந்தது. "இறக்கம் மேடம். என்ஜின் சும்மா முனகிட்டுத்தான் வரும். கீழ ஓடை வேற." அவன் வெண்டலைப் பார்த்தான். "அவர் என்னைப் பாத்து டாட்டா காட்டல?"

"உன்னை அவருக்குத் தெரியவே தெரியாது தம்பி. அது வேற ஒருத்தருக்கு."

வெண்டல் திரும்பினார். ஷெட் கதவருகே எமில் நின்றிருந்தார். கையில் பெரிய ஸ்பானர்.

"எனக்குத்தான்" என்றார் எமில்.

அவர் 4007-ன் அருகே வந்து நின்று அதன் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"இருபத்திரண்டு வருஷம். நான் வளைவுக்கு அந்தப்பக்கம் ஹாரன் அடிச்சா அவன் ரெண்டு விரல் தூக்குவான். திரும்ப மாட்டான். திரும்பினா எனக்கு மரியாதை குடுத்த மாதிரி ஆயிடுமாம். நானும் வம்புக்குன்னே அவனைத் தாண்டற வரைக்கும் அடிச்சுக்கிட்டே வருவேன்." எமில் ஸ்பானரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "431-ஐப் பழைய இரும்புக்கு வெட்டப்போறாங்கன்னதும் ஷெட்டுல பசங்க கேட்டாங்க, ஞாபகத்துக்கு என்ன வேணும்னு. நம்ம ஆளுங்க யாராவது நம்பர் பிளேட்டை வீட்டுக்குக் கொண்டுபோவாங்க, யாராவது மணியை. நான் ஹாரனை இந்தப் புது வண்டில மாட்டுங்கன்னேன். பள்ளத்தாக்குல அந்தச் சத்தம் இருக்கட்டும்னு. சனிக்கிழமை மாட்டினோம். யாருக்கும் சொல்லல. தானாக் கேட்டு ஆச்சரியப்படட்டும்னு விட்டோம்."

"எப்போ புரிஞ்சுது உங்களுக்கு?" என்றார் வெண்டல்.

"செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு. ரெண்டு விரல்னு ஓவன் சொன்னான் பாருங்க, அப்பவே."

வெண்டலுக்குக் கோபம் வந்தது. கழுத்திலிருந்து ஏறி காது மடல் சுட்டது. ஏழு மாதத்தில் அவருக்கு ஏதாவது உறைத்தது இதுதான் முதல் தடவை, அது அவருக்கே அதிசயமாக இருந்தது.

"ஒன்பது நாள், எமில். அந்தப் பொண்ணு தான் சொன்ன வார்த்தைலதான் அப்பன் செத்தான்னு கதவைப் பூட்டிட்டு உக்காந்திருக்கு. உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஊருக்கே தெரியும்."

"அப்புறமும் வாயைத் திறக்கல?"

"தினமும் காலைல ஸ்பானரை எடுத்துட்டு மேல ஏறுவேன். கழட்டி ஓடைல போட்டுட்டா யாருக்கும் தெரியாது. ஒரு போல்ட் கழட்டினேன். மீதி மூணைக் கழட்ட முடியல. கழட்டிட்டா நீங்க வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது." எமில் கண்ணைத் தாழ்த்தினார். "யாராவது வந்து கேக்கட்டும்னு இருந்தேன். நானா போய்ச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. கோழை நான்."

"ஆமா" என்றாள் கார்லா.

வெண்டல் கார் கதவைத் திறந்து பிடித்தார். "ஏறுங்க. கேட்டாச்சு."

யூரிக் வீட்டுச் சமையலறை முழுக்க அடுத்தவர் வீட்டுப் பாத்திரங்கள். துக்க வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த முட்டைக்கோஸ் சுருள், பியரோகிக் கொழுக்கட்டை, நூடுல்ஸ். ஒவ்வொரு மூடியிலும் யார் பாத்திரம் என்று பிளாஸ்திரியில் பெயர். பாதி, திறக்கப்படவே இல்லை. தெரசா யூரிக் துடைத்த மேஜையையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

வெண்டல் சுற்றி வளைக்கவில்லை. கடப்பாரை, ஹாரன், குவாரி லைன். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். "அவர் சாகறதுக்காக அங்க நிக்கல மிஸஸ் யூரிக். உயிரோட இருக்கறதுக்காகத்தான் அங்க போய் நின்னார்."

தெரசா துணியை மடித்தாள். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பிறகு வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற எமிலைப் பார்த்தாள். உள்ளே வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

"நீங்கதான் மாட்டினீங்களா?"

"ஆமா தெரசா."

"சவப்பெட்டியைத் தூக்கினீங்களே. முன்பக்கம், இடது கைப்பிடி. எனக்கு ஞாபகம் இருக்கு. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

கார்லா எதையாவது சொல்லிவிடுவாளோ என்று வெண்டல் அவள் முழங்கையைப் பிடித்தார். அவள் கண் கலங்கியிருந்தது.

"உங்களை நான் மன்னிக்கறேன்னு சொல்ல மாட்டேன் எமில்" என்றாள் தெரசா. "எனக்கு இப்போ கோபமும் வரல, ஒண்ணும் வரல. வரும்போது பாத்துக்கலாம். ஆனா நான் போய்ச் சொன்னா அவ நம்ப மாட்டா. சமாதானத்துக்கு அம்மா கதை கட்டறான்னு நினைப்பா. பூட்ஸைக் கழட்டிட்டு மேல போங்க. இடது பக்கம் ரெண்டாவது கதவு. என்ன செஞ்சீங்கன்னு நீங்களே சொல்லுங்க. ஒண்ணு விடாம."

எமில் குனிந்து கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு சிக்கிக்கொண்டு வெகுநேரம் ஆனது. யாரும் உதவவில்லை. காலுறையோடு படியேறினார்.

கதவு தட்டுகிற சத்தம். பதில் இல்லை. மறுபடி தட்டினார். பிறகு மூடிய கதவிடமே பேச ஆரம்பித்தார். வார்த்தைகள் கீழே தெளிவாகக் கேட்கவில்லை. க்ளெம் என்ற பெயர் மட்டும் இரண்டு முறை கேட்டது. பேச்சு நின்று, மறுபடி தொடர்ந்து, மறுபடி நின்றது. தாழ்ப்பாள் விலகியது. பெண்ணின் குரல் எதையோ கேட்டது. எமில் ஏதோ சொன்னார். அவள் அதையே திரும்பக் கேட்டாள். அவர் திரும்பச் சொன்னார்.

அப்புறம் மாடியிலிருந்து ஒரு கேவல் வந்தது. ஒன்று, இன்னொன்று, பிறகு நிற்காமல், வீடு முழுக்க.

தெரசா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மேலே ஓடவில்லை. கூரையைப் பார்த்தபடி நின்றாள்.

"அழறா" என்றாள் வெண்டலிடம், மெல்ல, அவர் கேட்கவில்லையோ என்று நினைத்தவள்போல. "மிஸ்டர் கோசிக், அவ அழறா."